கேட்காமல் போட்ட கொசுறு

அவரிடம் எதைப் பழுது பார்க்கக் கொடுத்தாலும், கொடுத்ததைவிடக் கூடுதலாக ஏதாவது ஒன்றோடுதான் திரும்பி வரும். இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சின்னமனூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், உரக்கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த அந்தக் கம்ப்யூட்டர் கடை இப்போது இல்லை. அவர் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், நெடுங்கண்டத்திலோ கட்டப்பனையிலோ கடை வைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். அங்குள்ளவர்களை யாராவது முன்கூட்டியே எச்சரித்து வைத்தால் நல்லது.

நான் முதன்முதலாக அவரிடம் போனது கீபோர்டில் ஓர் எழுத்து அமுங்காததால். கருவூலத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, தெருவில் யாருக்கு ஓய்வூதியம் நின்றாலும், பட்டாவில் பெயர் தவறினாலும், மனு எழுதுவது என் வேலை என்று தெருவே தீர்மானித்திருந்தது. எழுத்து அமுங்காமல் மனு எழுத முடியாது. மறுநாள் கம்ப்யூட்டர் திரும்பி வந்தபோது எழுத்து அமுங்கியது. கூடவே ஜாதகம் கணிக்கும் மென்பொருள் ஒன்றும், சதுரங்க விளையாட்டும், பக்திப் பாடல்கள் நிறைந்த ஒரு கோப்புறையும், ஒன்றையொன்று வைரஸ் என்று குற்றம் சாட்டிக்கொண்ட இரண்டு வைரஸ் தடுப்பான்களும் வந்திருந்தன.

"இதெல்லாம் நான் கேட்கவில்லையே?" என்றேன்.

"இருக்கட்டும் சார். சும்மாதானே" என்றார்.

அதைச் சொல்லும்போது தலையைச் சற்றுச் சாய்த்து, பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். கொடுத்தவனைப் பார்த்து வாங்கியவன் நெளியக்கூடாது என்பதுபோல. எந்தக் கருவியையும் சும்மா எடுத்துக் கொடுத்துவிட மாட்டார். திரையை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி, தான் கூடுதலாகப் போட்டவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டுவார். சபையில் சீர்வரிசைத் தட்டுகளைப் பரப்புகிற தாய்மாமன் மாதிரி இருக்கும்.

அவருடைய அப்பாவும் அம்மாவும் வடுகபட்டிச் சந்தையில் பூண்டு வியாபாரம் செய்தவர்கள். எடை சரியாக நின்ற பிறகு ஒரு கை அள்ளிப் போட்டால்தான் அவர்களுக்கு வியாபாரம் முடிந்த மாதிரி இருக்குமாம். "தராசு முள்ளு நேரா நின்னுச்சுன்னா நமக்கே ஒரு மாதிரியா இருக்கும் சார்" என்பார். நான் இருந்த கருவூலத்தில் இருப்பு குறைந்தாலும் குற்றம், கூடினாலும் குற்றம். கூடுதலாக இருப்பதற்கும் விளக்கம் எழுத வேண்டும். அதை அவரிடம் சொன்னபோது உண்மையாகவே வருத்தப்பட்டார். "பாவம் சார் நீங்க. வாழ்க்க பூரா அப்படியேவா இருந்தீக?"

பக்கத்து உரக்கடைக்காரருக்கு ஒரு கணக்கு மென்பொருள் போட்டுக் கொடுத்தார். அது யாரோ ஒரு மில் முதலாளி காசு கொடுத்து வாங்கிய உரிமத்தின் நகல். அதனால் யூரியா வாங்கினவருக்குக் கிடைத்த ரசீதின் தலைப்பில் வெகு காலம் அந்த நூற்பாலையின் பெயர் இருந்தது. உரக்கடைக்காரரும் கவனிக்கவில்லை, விவசாயிகளும் கவனிக்கவில்லை. எங்கள் ஊர்ப் பங்குத் தந்தையின் அலுவலகக் கணினியில் ஒரு நாள்காட்டி போட்டார். பாதிரியார் ஞானஸ்நானச் சான்றிதழ் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது, திரையின் ஓரத்தில் ராகு காலம் ஆரம்பமாகிவிட்டது என்று மணி அடிக்கும். பாதிரியார் பொறுமைசாலி. மணி ஓயும்வரை காத்திருந்துவிட்டுத் தொடர்வார்.

இவற்றையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். ஜெசிந்தாவின் மடிக்கணினியில் அவர் போட்டதை அப்படிச் சொல்ல முடியாது.

ஜெசிந்தா எங்கள் பக்கத்து வீடு. ராயப்பன்பட்டியிலிருந்து வாழ வந்த பெண். அவள் கணவன், ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்பின் ஓட்டுநர். கம்பம்மெட்டு வளைவு ஒன்றில் ஜீப் கவிழ்ந்து, இடுப்பெலும்பு உடைந்து படுக்கையில் கிடந்தான். அவனைப் புரட்டிப் படுக்க வைக்க வீட்டில் ஆள் வேண்டும், அடுப்பு எரிய வருமானமும் வேண்டும். இரண்டுக்கும் இருந்தது அவள் ஒருத்தி. வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் பில்களைச் சரிபார்க்கும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. கம்பெனி, சொந்த மடிக்கணினியில் வேலை செய்ய அனுமதித்திருந்தது. அந்த மடிக்கணினி மந்தமாகிவிட்டதென்று அவரிடம் கொடுத்தாள். அவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு இயங்குதளத்தைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்.

திரை பளிச்சென்று திறந்தது. அவளும் சந்தோஷமாகத்தான் வாங்கி வந்தாள். காலையில் கம்பெனியின் தளத்துக்குள் நுழையப் பார்த்தபோது கதவு திறக்கவில்லை. 'இக்கணினியின் இயங்குதளத்துக்குச் செல்லுபடியாகும் உரிமம் இல்லை. அறியப்படாத செயலி ஒன்று கண்டறியப்பட்டது' என்று ஆங்கிலத்தில் சிவப்பாக ஒரு வரி. பின்னாலேயே மின்னஞ்சல் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை அலுவலகம் முடிவதற்குள் முறையான உரிமத்தோடு இயங்குதளத்தைத் திருப்பிப் போட வேண்டும், என்ன நடந்தது என்று பழுது பார்த்த கடைக்காரர் எழுதித் தர வேண்டும், தொலைபேசியிலும் அவர் விளக்க வேண்டும், தவறினால் ஒப்பந்தம் முடிந்தது.

மின்னஞ்சலை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். நான் அதைப் படித்தேன். பிறகு இயங்குதளத்தின் உரிம ஒப்பந்தத்தையும் முழுக்கப் படித்தேன். மாவட்டத்தில் அதைக் கடைசி வரி வரை படித்த ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன். எல்லோரும் 'சம்மதம்' என்ற இடத்தை அழுத்துவதற்காகத்தான் அதை எழுதியிருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். அவள் மடிக்கணினியை வாங்கியபோது, சாதாரணப் பதிப்புக்கு உரிய உரிமம் உள்ளேயே மதர்போர்டில் பதிந்து வந்திருக்கிறது. அதே சாதாரணப் பதிப்பைத் திரும்பப் போட்டிருந்தால் எந்தத் தொல்லையும் இல்லை. அவரோ, சாதாரணத்தைக் கொடுக்க மனம் வராமல், பெரிய நிறுவனங்களுக்கு உரிய உயர்ந்த பதிப்பைப் போட்டுவிட்டார். அது உரிமம் கேட்கும். கேட்காமலிருக்கச் சின்னதாக ஒரு செயலியை உள்ளே உட்கார வைத்தார். உரிமம் உண்டா என்று இயங்குதளம் கேட்கும்போதெல்லாம் 'உண்டு, நான் பார்த்தேன்' என்று சொல்லுவது அதன் வேலை. கோர்ட் வாசலில் நிற்கும் கூலிச் சாட்சிதான். நோயாளிகளின் விவரங்கள் இருக்கும் இயந்திரத்தில் இப்படி ஒருவன் உட்கார்ந்திருந்தால் எந்தக் கம்பெனியும் பயப்படத்தான் செய்யும்.

கடை பூட்டிக் கிடந்தது. குமுளிப் பக்கம் ஏதோ வேலையாகப் போயிருப்பதாக டீக்கடையில் சொன்னார்கள். போன் செய்தால், "இந்தா கெளம்பிட்டேன் சார்" என்பார். மறுபடி செய்தால், "கம்பம் தாண்டிட்டேன் சார்" என்பார். அதற்கடுத்த நாளும் கம்பம் தாண்டிக்கொண்டே இருந்தார். ஒரு வேலைக்குப் போன இடத்தில் கேட்காத இன்னொரு வேலையைச் செய்துகொண்டிருந்திருப்பார். ஜெசிந்தா வீட்டுக்கும் கடைக்குமாக நடந்தாள். கணவனிடம் சொல்லவில்லை. சொன்னால் எழுந்து நடக்கப் பார்ப்பான் என்று பயம்.

வெள்ளிக்கிழமை மதியம் கடை திறந்தது. நாங்கள் இருவரும் போனோம்.

"வா தங்கச்சி. வாங்க சார். மிஷின் எப்படிப் பறக்குது?" என்றார்.

அவள் மடிக்கணினியை மேசையில் வைத்தாள். "பறக்கலண்ணே. வேல போகப் போகுது."

நான் விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் முகத்தில் குற்ற உணர்ச்சி வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது வருத்தம், அதுவும் அவளுக்காக அல்ல, மடிக்கணினிக்காக.

"சார், அதுல இருந்தது வீட்டுக்குப் போடுற சின்ன ஓஎஸ். தங்கச்சி வெளிநாட்டு வேல பாக்குது. அதுக்குப் போய்ச் சின்னதயா போட்டுத் தர்றது? பெரிசத்தான போட்டேன்."

"அவள் கேட்டாளா?"

"கேக்கணுமா சார்?"

"சின்னதையே திரும்பப் போடுங்கள். வேறு எதுவும் வேண்டாம்."

போடுவதற்கு அவரிடம் சின்னது இல்லை. மேசை இழுப்பறையில் இருந்த பென்டிரைவ்கள் எல்லாவற்றிலும் அவர் கலந்து வைத்த பதிப்புகள். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அசலைப் புதிதாக இறக்க வேண்டியிருந்தது. அதைத் தயாரித்தவர்கள் இலவசமாகவே இறக்கிக்கொள்ள விட்டிருக்கிறார்கள் என்பதே அவருக்குப் புதுச் செய்தி. இறக்கும் கோடு நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. பாதியில் கரண்ட் போனது. மின்வாரியத்துக்கு வெள்ளிக்கிழமையும் தெரியாது, ஜெசிந்தாவையும் தெரியாது. அவர் தன் செல்போனிலிருந்து இணையம் கொடுத்து, யுபிஎஸ்ஸில் ஓட்டினார். யுபிஎஸ் கூவிக்கொண்டே இருந்தது. ஜெசிந்தா கடை வாசலுக்கும் மேசைக்கும் நடுவே நின்றுகொண்டு, இரண்டு பக்கமும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இயங்குதளம் ஏறி முடிந்ததும் அவர் கை தன்னால் இழுப்பறைக்குப் போயிற்று.

"அந்தப் பிடிஎஃப் படிக்கிறது ஒண்ணு மட்டும் போட்டுருவோம் தங்கச்சி. அது இல்லாம எப்படி..."

"ஒண்ணும் போடாதீகண்ணே." அவள் குரல் உயரவில்லை. "ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன். ஒண்ணும் போடாதீக."

கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

இணையத்தோடு இணைந்த சற்று நேரத்தில் திரை தானாகவே சொன்னது, உரிமம் உறுதி செய்யப்பட்டது என்று. எண் கேட்கவில்லை, சாட்சி கேட்கவில்லை. அவர் குனிந்து அந்த வரியைத் திரும்பப் படித்தார். "ஒண்ணுமே கேக்கலயே சார்" என்றார். இத்தனை காலத்தில் ஓர் இயந்திரத்துக்கு அதற்குரியதை மட்டும் கொடுத்து அவர் பார்த்ததில்லை.

அடுத்தது கடிதம். வீட்டிலேயே எழுதி எடுத்து வந்திருந்தேன். வாடிக்கையாளர் கேட்காமலும் அவருக்குத் தெரியாமலும் உரிமமற்ற பதிப்பையும், உரிமச் சோதனையை ஏமாற்றும் செயலியையும் நானே நிறுவினேன் என்று இரண்டே வாக்கியம். கீழே கையெழுத்துக்கு இடம்.

அவர் வாசித்தார்.

"இதுல கையெழுத்துப் போட்டா எனக்கு என்ன சார் ஆகும்?"

என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பதிப்புரிமைச் சட்டத்தில் எந்தப் பிரிவு, யார் புகார் கொடுக்கலாம், போலீஸ் எதையெல்லாம் எடுத்துப் போகலாம் என்பது வரை தெரியும். "சட்டப்படி குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகும்" என்றேன்.

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்ற பார்வை. நடைமுறை என்றால் கேட்டவருக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அவர் வாசலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "மாப்ள இன்னும் எந்திரிக்கலயா தங்கச்சி?"

"இல்லண்ணே."

கையெழுத்துப் போட்டார். அவள் அதைப் படமெடுத்து அனுப்பினாள். பதில் வரும்வரை மூவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கம்பெனி மூடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. நான் அவரிடம் சொன்னேன்: "கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஆமாம், இல்லை. அவ்வளவுதான்."

"சரி சார்" என்றார். அந்தச் 'சரி'யில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல். கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவு. பட்டணத்துத் தமிழ், சலிப்பு நிறைந்தது. "உங்க லெட்டர் பாத்தேன். இதை நீங்கதான் இன்ஸ்டால் பண்ணீங்களா?"

"ஆமா மேடம்."

"கஸ்டமர் கேட்டாங்களா?"

"இல்ல மேடம்."

நான் தலையசைத்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"அப்புறம் ஏன் போட்டீங்க?"

ஆமாம், இல்லை என்று சொல்லக்கூடிய கேள்வி அல்ல அது.

"கொசுறா போட்டேன் மேடம்."

"என்னது?"

"காய் வாங்குனா கருவேப்பில குடுப்பாகள்ல. அது மாதிரி."

"சார், இது ரெக்கார்ட் ஆகுது. காஸ்ட்லி எடிஷனை ஒருத்தர் கேக்காம ஃப்ரீயா போட்டேன்னு சொல்றீங்க. யாராவது நம்புவாங்களா? அவங்க கேட்டுதானே போட்டீங்க? இப்ப அவங்க வேலைக்காக நீங்க லெட்டர் குடுக்கிறீங்க. அப்படித்தானே?"

ஜெசிந்தா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எதிரில் இருப்பவர் எதை விரும்புகிறாரோ அதைச் சேர்த்துக் கொடுத்துவிடுகிற மனிதர் அவர். அந்தக் குரல் ஒரு 'ஆமாம்' எதிர்பார்க்கிறது என்பது எனக்கே தெரிந்தது. அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

"இல்ல மேடம். அந்தப் புள்ள கேக்கல. எவரும் கேக்கல." மூச்சு விட்டுக்கொண்டார். "பக்கத்துல உரக்கட அண்ணாச்சிக்கும் இதான் போட்டிருக்கேன். அவர் பில்லு மட்டும் போதும்னாரு. சர்ச்சுல சாமியாருக்குப் போட்டிருக்கேன். மேல வக்கீல் ஆபீஸ் இருக்குல்ல, அங்கன எல்லா மிஷின்லயும் போட்டிருக்கேன்."

நான் கையை ஆட்டினேன். போதும் என்று உதட்டால் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"ஏலக்கா கமிஷன் கடையில போட்டிருக்கேன். அந்தா அந்த ஸ்கேன் சென்டர்ல போட்டிருக்கேன். என்கிட்ட வாடக வாங்குற வீட்டுக்காரருக்குப் போட்டிருக்கேன். இங்கன என்கிட்ட வந்த மிஷின்ல போடாம விட்டது ஒண்ணு சொல்லுங்க பாப்பம். நீங்க ஆளனுப்பிப் பாத்துக்கங்க மேடம். எல்லாரும் கேட்டா வாங்குனாக? நான் குடுத்தேன். இப்பத்தான், இந்தப் புள்ளைக்குத்தான், ஒண்ணுமே போடாம குடுத்திருக்கேன். எனக்கு அது ஒரு மாதிரியாத்தான் இருக்கு."

வெளியே தெருவில் பேருந்து ஒன்று ஒலியெழுப்பிப் போனது. மறுமுனையில் விரல்கள் தட்டுவது கேட்டது.

"இவ்வளவு பேர் மிஷின்லயா?" என்றது குரல். இப்போது சலிப்பு இல்லை.

"ஆமா மேடம்."

இன்னும் கொஞ்சம் தட்டும் ஒலி. "ஜெசிந்தா, மிஷின் ஸ்கேன் கிளீனா இருக்கு. லாகின் ஓப்பன் பண்ணிட்டேன். இனிமே சர்வீஸ்னா எங்ககிட்ட சொல்லிட்டுப் பண்ணுங்க." போன் வைக்கப்பட்டது.

ஜெசிந்தா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குப் போய்த் திறக்கும் பொறுமை அவளுக்கு இல்லை. கடவுச்சொல்லைத் தட்டினாள். சேர்ந்து கிடந்த பில்கள் வரிசையாக இறங்கின. முதல் பில்லைத் திறந்து வேலையை ஆரம்பித்துவிட்டாள்.

அவர் அவள் திரையைப் பார்த்தபடி நின்றார். அதில் ஒரு படம் இல்லை, ஒரு பாட்டு இல்லை.

"சார், ரெக்கார்ட் ஆகுதுன்னாகளே. கேஸ் வருமா?"

"உங்களுக்கு வரலாம். நீங்கள் பெயர் சொன்னவர்களுக்கும் வரலாம்."

"அவுகளுக்கா? அவுக கேக்கவே இல்லையே சார்."

"அவர்கள் வைத்திருக்கிறார்கள். அது போதும்."

இந்த இடத்தில்தான் அந்த மனிதர் பயந்து நான் முதன்முதலாகப் பார்த்தேன். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். பிறகு போனை எடுத்து உரக்கடைக்காரரை அழைத்தார். ஒரு சுவர் தள்ளி இருப்பவரை நேரில் போய்ப் பார்க்க முடியவில்லை போலும்.

"அண்ணாச்சி, ஒங்க கம்ப்யூட்டரக் கொஞ்சம் குடுத்துவிடுங்க. இல்ல இல்ல, ரிப்பேர் இல்ல. அதுல நான் போட்டத எடுக்கணும்."

உரக்கடைக்காரரின் குரல் போனிலும் கேட்டது, சுவர் வழியாகவும் கேட்டது. "எடுக்கிறதா? நல்லாத்தானய்யா ஓடிக்கிட்டிருக்கு. குடுத்ததப் போயி எவனாவது திருப்பிக் கேப்பானா?"

"அண்ணாச்சி, அது தப்பான சரக்கு. ஒங்களுக்குத்தான் கஷ்டம்."

"என்னய்யா, வெலயேத்திக் கேக்கிறியா? அதெல்லாம் நடக்காது." போன் அணைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

வக்கீல் அலுவலகத்துக்கு அடித்தார். குமாஸ்தா, திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார். ஏலக்காய்க் கடையில், இருப்பதை எடுக்காதே, வேண்டுமானால் இன்னும் ஏதாவது போட்டுவிட்டுப் போ என்றார்கள். அவர் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"திருப்பித் தரமாட்டேங்கிறாக சார்" என்றார்.

ஜெசிந்தா தலை நிமிராமல் அடுத்த பில்லைத் திறந்தாள்.